காந்தளும் கதிரும்

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சால் மருத்துவம் செய்த வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் கருவிகளின் வரலாற்றையே எழுதியிருக்கிறார்கள். 1895இல் ரான்ட்கன் கண்ட எக்ஸ் கதிரில் தொடங்கி, கியூரி இணையரின் ரேடியம், கோபால்ட் எந்திரம், நேர்கோட்டு முடுக்கி என்று அந்த வரலாறு எந்திரத்துக்கு எந்திரம் தாவிச் செல்கிறது. கதிர் பாய்வதற்கு முன்பே உடலுக்குள் ஒரு பொருளைச் செலுத்திவைத்தால், அதே அளவு கதிர் கூடுதலான புற்றுச் செல்களை அழிக்குமா என்று தேடியவர்களின் வரலாறு ஒன்று அதன் நிழலிலேயே நடந்துவந்திருக்கிறது. அது எந்திரக் கூடங்களைக் காட்டிலும் காடுகளையும் வேலியோரங்களையும் சார்ந்தது. அப்படிப்பட்ட பொருளைக் கதிருணர்வூட்டி என்பர்: அது தன்னளவில் கட்டியைக் கரைக்க வேண்டியதில்லை, கட்டியைக் கதிருக்கு எளிதில் இரையாகும் நிலையில் கொண்டுவந்து நிறுத்தினால் போதும். அந்தத் தேடலில் அகப்பட்ட தாவரங்கள் பல. அவற்றுள் மருத்துவமனையின் கதிர்க்கூடம் வரை உண்மையில் சென்று சேர்ந்தவை எவை என்று பார்த்தால், அடுக்களையில் இடம்பெற்றவை அல்ல, ஆடுமாடு வாய்வைத்தால் மாளும் நஞ்சுகளே என்பது தெரியவரும்.

அது ஏன் அப்படி ஆயிற்று என்பதற்கான விடையின் முதற்பாதி 1906ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. பிரான்சின் போர்தோ நகரில் ழான் பெர்கோனியேயும் லூயி ட்ரிபொந்தோவும் எலிகளின் விதைப்பையில் கதிரைப் பாய்ச்சி, விந்தணுவை உண்டாக்குவதற்காக இடையறாது பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் மடிவதையும், அவற்றைச் சூழ்ந்த திசு ஏறக்குறைய அப்படியே நிற்பதையும் கண்டனர். எந்தச் செல் ஓயாமல் பிரிகிறதோ, எது இன்னும் தன் இறுதி வடிவத்தை அடையவில்லையோ, அதுவே கதிருக்கு முதலில் பலியாகும் என்று அவர்கள் வகுத்த விதி இன்றும் பாடநூல்களில் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. பின்னர் பாரிசில் க்ளோத் ரெகோ ஆட்டுக்கடாக்களிடம் செய்த சோதனைகளில், ஒரே அமர்வில் கொடுத்தால் தோலைப் பொசுக்கிவிடும் அளவு கதிரைப் பல நாட்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் தோல் தப்பிக்க, உள்ளே பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் மட்டும் அழிவது புலப்பட்டது. கட்டி ஒன்றுக்குள் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் பிரிந்துகொண்டிருப்பவை சில செல்களே. ஏனையவை ஓய்விலோ பிரிவுக்கான ஆயத்தத்திலோ இருக்கும். ஆகவே இன்று தப்பியது நாளைக்கு அகப்படும் என்ற கணக்கில்தான், இன்றைய நோயாளியும் ஆறேழு வாரம் நாள்தோறும் கதிர்க்கூடத்துக்கு வந்துபோகிறார்.

அப்படியானால், எல்லாச் செல்களும் பிரியும் தறுவாயில் ஒரேயடியாக நின்றுவிடும்படி செய்ய ஏதாவது வழி உண்டா என்ற கேள்வி எழுவது இயல்பு. அதற்கான முதல் விடை ஒரு கிழங்கிலிருந்து வந்தது.

கொல்கிசின் என்னும் அந்தப் பொருளை ஐரோப்பியர் அறிந்தது தங்கள் புல்வெளிகளில் இலையுதிர் காலத்தில் பூக்கும் கொல்சிகம் என்ற செடியின் வாயிலாக. கீல்வாதத்துக்கு, அதிலும் கால் பெருவிரல் வீங்கிச் சிவந்து நடக்கவிடாமல் செய்யும் வகைக்கு, அச்செடியின் கிழங்கை ஆறாம் நூற்றாண்டிலேயே பைசாந்திய மருத்துவர் திரால்லெசு அலெக்சாந்தர் பரிந்துரைத்திருக்கிறார். 1820இல் பாரிசின் மருந்தாக்குநர்களான பெல்லெத்தியேயும் காவந்தூவும் அதன் நச்சுப்பொருளைப் பிரித்தெடுத்தனர். 1833இல் ஜெர்மானியரான கைகர் அதைத் தனிப்பொருள் என்று உணர்ந்து பெயரிட்டார். அதே நச்சுப்பொருள் வெப்ப மண்டலத்துக் கொடி ஒன்றிலும் உண்டு என்பதை 1915இல் க்ளூவர், கிரீன், டூட்டின் ஆகிய மூவர் தெரிவித்தனர். அந்தக் கொடிதான் செங்காந்தள்.

தமிழர்க்குக் காந்தளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 மலர்களை அடுக்கும்போது முதலில் நிறுத்துவது அதைத்தான். இன்று அது தமிழ்நாட்டின் மாநில மலர், ஈழத்தில் கார்த்திகைப்பூ. உழவர் வாயில் அதன் பெயர் கண்வலிக்கிழங்கு. இரு கவையாகப் பிரிந்த கிழங்கு ஏர்போலத் தோன்றுவதால் கலப்பைக்கிழங்கு என்பதும் உண்டு. தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி வட்டாரங்களின் காய்ந்த செம்மண் நிலங்களில், கொடி பற்றிப் படர்வதற்காகக் கிளுவைக் குச்சிகளை நட்டு, இது பணப்பயிராகவே வளர்க்கப்படுகிறது. கிழங்கின் ஒவ்வொரு கவைமுனையிலும் ஒரே ஒரு முளைதான் இருக்கும். நடும்போது அது ஒடிந்தால் அந்தக் கவை வீண் என்பதால், விதைக்கிழங்கைக் கையாளும் ஆட்கள் முட்டையைக் கையாள்வதுபோல் கையாள்கிறார்கள். விற்பனைக்குரியது கிழங்கன்று, விதை. கொல்கிசின் அதில்தான் கூடுதல். ஆனால் விதை பிடிப்பது எளிதன்று. காந்தளின் சூல்தண்டு பூவின் அடியிலிருந்து செங்கோணமாக மடங்கி, தன் பூவின் மகரந்தத்தை விட்டு விலகி வெளிப்பக்கமாக நீள்வது. தன்னுடைய மகரந்தமே தன் மேல் விழாதிருக்க இயற்கை செய்த ஏற்பாடு. ஆகவே காலை வேளையில் ஆட்கள் வரிசை வரிசையாகச் சென்று, ஒரு பூவின் மகரந்தத்தைத் தொட்டு இன்னொரு பூவின் சூல்முடியில் ஒற்ற வேண்டியிருக்கிறது. குறிஞ்சி நிலத்துத் தலைவி கூந்தலில் சூடிய பூவுக்கு இன்று கொங்குநாட்டுக் கூலியாட்கள் வண்டாக நிற்கிறார்கள்.

அது நஞ்சு என்பதும் கிராமத்தவர் அறியாததன்று. உயிரை மாய்த்துக்கொள்ள நினைத்தவர்களும், வேறு கிழங்கென்று தவறிச் சமைத்தவர்களும் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அதை உண்டிருக்கிறார்கள். உண்டவரை அந்நஞ்சு தாக்கும் வரிசையில்தான் மருத்துவ வரலாற்றுக்கு வேண்டிய செய்தி இருக்கிறது. முதலில் குடல்: கடும் வாந்தி, பேதி. அடுத்து இரத்தம்: எலும்பு மஞ்சை அயர்ந்து வெள்ளணுக்கள் வீழும். இரண்டையும் தாண்டிப் பிழைத்தவர்க்கு ஓரிரு வாரங்களில் முடி கொட்டும். காந்தள் கிழங்கை உண்டு பிழைத்த ஒருவரின் உடல் முழுவதும் முடி உதிர்ந்துபோனதை இலங்கை மருத்துவர் ஒருவர் 1966இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் பதிவுசெய்திருக்கிறார். குடலின் உட்சவ்வு, எலும்பு மஞ்சை, மயிர்க்கால் ஆகிய மூன்றும் உடலில் இடையறாது செல் பிரிந்துகொண்டிருக்கும் இடங்கள். மிகையான கதிர்வீச்சுக்கு ஆளானவரிடமும் கெடுபவை அவையே. நஞ்சும் கதிரும் ஒரே இலக்கைத் தேடுகின்றன என்பதை நோயாளியின் உடலே எழுதிக்காட்டியது எனலாம்.

ஆய்வகத்தில் இது இருமுறை கண்டறியப்பட்டது. முதன்முறை கண்டவரை உலகம் மறந்தேபோயிற்று. சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் பியாஜியோ பெர்னிச்சே என்பவர் 1889இல், கொல்சிகம் கொடுக்கப்பட்ட நாய்களின் குடற்சவ்வில் பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் வழக்கத்துக்கு மீறி நிறைந்திருப்பதைப் படம் வரைந்து வெளியிட்டார். 45 ஆண்டுகளுக்குப் பிறகு, 1934இல், பிரசல்சில் ஏ. பி. டுஸ்தேனும் அவருடைய மாணவர் லிட்சும் சுண்டெலிகளில் அதையே மீண்டும் கண்டபோதுதான் உயிரியலாளர்கள் திரும்பிப் பார்த்தனர். கொல்கிசின் செல் பிரிவைத் தூண்டுகிறது என்றே முதலில் எண்ணப்பட்டது. பிரிவைத் தொடங்கிய செல்கள் அதை முடிக்க முடியாமல் நடுவழியில் தேங்குவதால்தான் அவ்வளவு பிரிவுகள் கண்ணில் படுகின்றன என்பது சிறிது காலம் கழித்தே தெளிவாயிற்று. சுங்கச்சாவடியில் வண்டிகள் குவிந்து நிற்பதைப் பார்த்து ஊரில் போக்குவரத்து பெருகிவிட்டது என்று முடிவுகட்டுவதைப் போன்ற பிழை அது.

தேங்குவதன் இயக்கமுறை இது. செல் பிரியும்போது இரட்டித்த குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துச்செல்ல நுண்ணிய இழைகள் தோன்றுகின்றன. நூல் நூற்கும் கதிரின் வடிவில், நடுவில் பருத்தும் இரு நுனியில் கூம்பியும் அவை அமைவதால், தமிழ்ப் பாடநூல்கள் அவற்றைக் கதிர்க்கோல் இழைகள் என்று பெயரிட்டிருக்கின்றன. (எந்திரத்திலிருந்து பாயும் கதிருக்கும் இந்தக் கதிருக்கும் உள்ள உறவு தமிழ்ச் சொல்லின் தற்செயலே, ஆனாலும் ஒரு கதிரை முறித்துவைத்து மற்றக் கதிரைப் பாய்ச்சுவது என்று இந்தச் சிகிச்சையைச் சொன்னால் பொருள் பிசகாது.) அவ்விழைகள் நுண்குழல்களால் ஆனவை, நுண்குழல்கள் ஒருவகைப் புரதம் செங்கல் செங்கலாக அடுக்கப்படுவதால் உண்டாகின்றன. கொல்கிசின் அந்தச் செங்கல்லில் ஒட்டிக்கொண்டு அடுக்கைத் தடுத்துவிடுகிறது. அந்தப் புரதம் அறியப்பட்டதே கொல்கிசினின் உதவியால்தான்: 1967இல் சிகாகோவில் கேரி போரிசியும் எட்வின் டெய்லரும் கதிரியக்கம் ஏற்றிய கொல்கிசினைச் செல்களுக்குள் விட்டு, அது போய் ஒட்டும் இடத்தைத் தொடர்ந்து சென்று புரதத்தைப் பிடித்தனர். அதற்கு டியூபுலின் என்று பெயர் வந்தது அதன் பிறகு.

அந்த இயக்கமுறை விளங்குவதற்குப் பல்லாண்டு முன்பே, அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியராக இருந்த மைக்கேல் கையர், க்ளாஸ் என்பவருடன் சேர்ந்து 1939இல் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டார். புற்றுக்கட்டி ஒட்டப்பட்ட எலிகளுக்குக் கொல்கிசின் செலுத்தி, செல்கள் பிரிவில் தேங்கியபின் கதிரைப் பாய்ச்சியபோது, கட்டிகள் கதிருக்குக் கூடுதலாக அடங்கின என்பது அதன் முடிவு. தாவரப் பொருளொன்றை அறிந்தே, காரணம் சொல்லியே, கதிருணர்வூட்டியாகப் பயன்படுத்திய தொடக்ககால ஆய்வுகளில் இதைக் குறிப்பிட்டாக வேண்டும். ஆனால் அது எலிக்கூண்டைத் தாண்டவில்லை. கொல்கிசினில் மருந்தளவுக்கும் சாவளவுக்கும் இடையே உள்ள தொலைவு மிகக் குறுகியது. கட்டியின் செல்களைத் தேக்க வேண்டிய அளவைக் கொடுத்தால் குடலும் மஞ்சையும் சேர்ந்தே தேங்கும். மேலும், எந்த மணிநேரத்தில் கதிரைப் பாய்ச்ச வேண்டும் என்பதைக் கணிக்க அக்காலத்தில் கருவி இல்லை. செயின்ட் லூயிசில் டெராசிமாவும் டோல்மாக்கும் 1960களின் தொடக்கத்தில், ஒத்திசைந்து பிரியும் ஹீலா என்னும் மனிதப் புற்றுச் செல்களின் மேல் மணிக்கு மணி கதிரைப் பாய்ச்சி, பிரிவின்போது செல் மிகவும் நொய்தாக இருப்பதை அளந்து காட்டியபோதுதான், கையரின் எண்ணத்துக்கு எண்ணிக்கையிலான சான்று கிடைத்தது. அதற்குள் கொல்கிசின் வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தது: 1937 முதல் பயிர் வளர்ப்பாளர்கள் அதைக் கொண்டு தாவரங்களின் குரோமோசோம்களை இரட்டிக்கச் செய்து புது வகைகளை உண்டாக்கிவந்தனர்.

கையரின் எண்ணத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது வேறொரு நஞ்சு. 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அமெரிக்க வேளாண்துறையின் தாவரவியலாளர் ஆர்தர் பார்க்லே, வாஷிங்டன் மாநிலத்தின் பேக்வுட் என்னும் சிற்றூருக்கு அருகிலுள்ள காட்டில், பசிபிக் யூ மரத்தின் பட்டையை உரித்துச் சாக்கில் கட்டினார். தேசியப் புற்றுநோய்க் கழகம் கண்ணில்பட்ட தாவரங்களையெல்லாம் சோதிக்கும் திட்டத்தின் ஒரு பகுதி அது. குறிப்பாக அந்த மரத்தைத் தேடி யாரும் போகவில்லை. பெரிய மரங்களின் நிழலில் மெதுவாக வளரும் அந்த யூவை மரவெட்டிகள் குப்பையாகவே கருதி, காட்டை வெட்டி முடித்தபின் மிச்சக் கழிகளோடு எரித்துவந்தனர். அந்தப் பட்டையிலிருந்து வட கரோலினாவில் மன்றோ வாலும் இந்தியரான மன்சுக் வானியும் பிரித்தெடுத்த பொருளே டாக்சால், பின்னாளில் பக்லிடாக்செல் என்று பொதுப்பெயர் பெற்றது. அதன் கட்டமைப்பை 1971இல் வெளியிட்டனர். 1979இல் நியூயார்க்கின் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் சூசன் ஹார்விட்சும் அவருடைய மாணவர் பீட்டர் ஷிஃப்பும் அது செயல்படும் விதத்தைக் கண்டபோது, ஒரு விந்தை வெளிப்பட்டது: கொல்கிசின் நுண்குழலை அடுக்கவிடாமல் தடுக்கிறது, டாக்சாலோ அடுக்கியதைக் கலைக்கவிடாமல் தடுக்கிறது. பாவு கட்டவிடாவிட்டாலும் தறி நிற்கும், இறுக்கிப் பூட்டிவிட்டாலும் தறி நிற்கும். செல் நடுவழியில் தேங்குவது இரண்டிலும் ஒன்றே.

மாணவராயிருந்த ஷிஃப் பின்னர் கதிர்ச்சிகிச்சை மருத்துவரானார் என்பது இந்த வரலாற்றில் நேர்ந்த நல்ல தற்செயல்களுள் ஒன்று. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டிஷ்லர், கியார்டு, எரிக் ஹால் ஆகியோருடன் அவர் 1992இல், மூளைக்கட்டியிலிருந்து வளர்க்கப்பட்ட மனிதச் செல்களுக்கு டாக்சாலைக் கொடுத்துப் பின் கதிரைப் பாய்ச்சினால், டாக்சால் இல்லாத செல்களைவிட அவை மிகுதியாக மடிகின்றன என்று காட்டினார். கையரின் 1939ஆம் ஆண்டு வாதம் 53 ஆண்டுகளுக்குப் பின் எதிர்முனையிலிருந்து வந்த ஒரு மருந்தால் நிறைவேறிற்று. அதே ஆண்டின் இறுதியில் டாக்சாலைச் சூலகப் புற்றுக்குப் பயன்படுத்த அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது.

இதற்குக் காடு கொடுத்த விலை பெரிது. பட்டையின் எடையில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கே மருந்து. பட்டையை முழுதும் உரித்தால் மரம் சாகும். குப்பை மரத்துக்கு 1992இல் தனிச்சட்டமே இயற்றிப் பட்டை எடுப்பதை ஒழுங்குபடுத்த வேண்டியதாயிற்று. இமயமலையின் யூ மரங்களும் அந்த ஆண்டுகளில் சூறையாடப்பட்டு, 1995இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இடம்பிடித்தன. தமிழ்நாட்டு நாட்டுமருந்துக் கடைகளில் தாளிசபத்திரி என்ற பெயரில் கிடைத்துவந்த இலைகளுள் இமயத்து யூவின் இலையும் ஒன்று என்பதால், அந்தப் பற்றாக்குறை இங்கும் எட்டாமல் இருந்திருக்காது. நெருக்கடியைத் தீர்த்தது பிரான்சின் பியேர் பொத்தியேயின் குழு. ஐரோப்பியத் தோட்டங்களில் வேலியாக வளர்த்துக் கத்தரிக்கப்படும் யூவின் ஊசியிலைகளில், மருந்துக்கு முன்நிலையான ஒரு பொருள் நிறைய இருப்பதைக் கண்டு, அதிலிருந்து மருந்தை ஆய்வகத்தில் கட்டிமுடிக்கும் வழியை அக்குழு வகுத்தது. இலை மறுபடி துளிர்க்கும், மரம் சாக வேண்டியதில்லை. அதே வழியில் பிறந்த இன்னொரு மருந்து டோசிடாக்செல்.

நோயாளிகளிடம் இதன் பயன் எவ்வளவு என்பதற்கு இரு ஆய்வுகளைக் குறிப்பிடலாம். நெதர்லாந்தில் உணவுக்குழாய்ப் புற்றுடைய 366 பேரிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், அறுவைக்கு முன் ஐந்து வாரம் 41.4 கிரே கதிரும் (கிரே என்பது ஒரு கிலோ திசு ஏற்ற கதிராற்றலின் அலகு) வாரந்தோறும் சிறு அளவில் பக்லிடாக்செலும் கார்போபிளாட்டினும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 49.4 மாதம், அறுவை மட்டும் செய்துகொண்டவர்களுக்கு 24 மாதம். அந்த இருமடங்கில் கதிரின் பங்கு எவ்வளவு, யூவின் பங்கு எவ்வளவு என்று அந்த ஆய்விலிருந்து பிரித்துச் சொல்ல இயலாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிரித்துச் சொல்ல இடம்தந்தது மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் ஆய்வு. தலை, கழுத்துப் புற்றுக்குக் கதிருடன் வழக்கமாகக் கொடுக்கப்படும் சிஸ்பிளாட்டினைச் சிறுநீரகமோ செவியோ தாங்காது என்று விலக்கப்பட்ட 356 பேரில், ஒரு பாதியினர் கதிரை மட்டும் பெற்றனர். மறுபாதியினர் கதிரோடு வாரம் ஒருமுறை, உடற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 15 மில்லிகிராம் வீதம் டோசிடாக்செல் பெற்றனர். இரண்டாண்டு கழித்து உயிரோடு இருந்தோர் முதற்பிரிவில் 41.7 விழுக்காடு, இரண்டாவதில் 50.8 விழுக்காடு. வாய்ச்சவ்வு கடுமையாகப் புண்ணாவதும் 22.2இலிருந்து 49.7 விழுக்காட்டுக்கு ஏறிற்று. பிரியும் செல்களைத் தேக்கும் மருந்து கட்டிக்கும் வாய்ச்சவ்வுக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை. காந்தள் கிழங்கை உண்டவரின் உடலில் தெரிந்ததே இங்கும் அளவாகத் தெரிகிறது. வாய்ப்புற்று மிகுந்த இந்த நாட்டில் கதிரோடு மருந்து சேர்க்கும் முயற்சி புதிதன்று: 1970களில் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் பிளியோமைசினைச் சேர்த்து ஆய்ந்திருக்கிறார்கள், அது மண்ணில் வாழும் நுண்ணுயிரின் கொடை.

ஏனைய தாவரங்களைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தென்மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் ஏற்றுமதிக்கென விளைவிக்கப்பட்ட நித்தியகல்யாணியின் வின்கிரிஸ்டினும் நுண்குழல் நஞ்சே. சிறுமூளையில் தோன்றும் குழந்தைப் புற்றுக்குக் கதிர் கொடுக்கும் வாரங்களில் அது வாரந்தோறும் சேர்க்கப்படுகிறது. காம்ப்டோதெசின் வேறு வழியில் இயங்குவது: டி.என்.ஏ. இழையின் முறுக்கை அவிழ்ப்பதற்காக ஒரு நொதி இழையை வெட்டும்போது, வெட்டு மறுபடி மூடாதபடி அது ஆப்பு வைத்துவிடுகிறது; கதிர் உண்டாக்கும் வெட்டுகளோடு இதுவும் சேர்ந்தால் செல் ஈடுகொடுக்க முடிவதில்லை. 1966இல் சீன மரமொன்றில் வாலும் வானியும் கண்ட அந்தப் பொருளை, 1972இல் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மாப்பியா மரத்திலும் உண்டென்று காட்டியவர், சென்னை மாநிலக் கல்லூரியில் முதல்வராக இருந்து பம்பாய் ஆய்வு மையத்துக்குச் சென்ற டி. ஆர். கோவிந்தாச்சாரி. அந்தக் கண்டுபிடிப்பு அறிவியலுக்குப் பெருமையும் மரத்துக்குக் கேடும் ஆயிற்று. மலைகளில் அது வேரோடும் தண்டோடும் வெட்டப்பட்டது.

மஞ்சளைப் பற்றிப் பேசாமல் இந்த வரலாறு முடியாது, ஏனெனில் நோயாளிகளின் வீடுகளில் முதலில் பேசப்படுவது அதுதான். கொல்சிகத்தின் நஞ்சைப் பிரித்த அதே பெல்லெத்தியேதான், ஐந்தாண்டுகளுக்கு முன், 1815இல், ஃபோகலுடன் சேர்ந்து மஞ்சளின் நிறப்பொருளையும் பிரித்துக் குர்குமின் என்று பெயரிட்டார். ஒருவர் மேசையிலிருந்தே நஞ்சும் நிறமும் புறப்பட்டன. 1987இல் திருச்சூர் அமலா மருத்துவமனையின் குழு ஒன்று, வெளிப்புறப் புற்றுப்புண் உடைய 62 பேருக்கு மஞ்சள் பூசியதில் துர்நாற்றமும் அரிப்பும் குறைந்ததாகத் தெரிவித்தது. புண் ஆற்றும் தன்மைக்கென 1995இல் அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமையை இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் வழக்காடி 1997இல் நீக்கச் செய்தபோது, மஞ்சளின் புகழ் நாட்டுப்பற்றோடு கலந்துவிட்டது. அதே காலத்தில் ஆய்வகங்களில், கதிர்பட்ட புற்றுச்செல் தற்காப்புக்காக எழுப்பும் ஒரு புரதச் சமிக்ஞையைக் குர்குமின் அடக்குவதாகக் கட்டுரைகள் குவிந்தன. அவற்றுள் முன்னணி ஆய்வகமொன்றின் கட்டுரைகள் பல பின்னாளில் திரும்பப் பெறப்பட்டன.

இடர் வேதியியலில் இருந்தது. தைவானில் நாளொன்றுக்கு 8 கிராம் குர்குமின் விழுங்கியவர்களின் இரத்தத்தில் அது உச்சத்தில் 1.77 மைக்ரோமோலைத்தான் எட்டியது. கண்ணாடித் தட்டில் செல்களைக் கதிருக்கு இணங்கவைத்த அளவு அதைப்போல் பன்மடங்கு. 8 கிராம் குர்குமின் என்பது கால் கிலோவுக்கும் மேற்பட்ட மஞ்சள்தூளில் இருப்பது; எந்த அடுக்களையும் ஒரு நாளில் ஒருவருக்கு அவ்வளவு சமைப்பதில்லை. மிளகின் பைப்பரினைச் சேர்த்தால் உடல் ஏற்பது பலமடங்கு கூடுமென்று பெங்களூரில் 1998இல் கண்டார்கள். ஆனாலும் 2017இல் வெளியான விரிவான மீளாய்வு ஒன்று, நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவ ஆய்வுகளுக்குப் பின்னும் இருபுறமும் மறைத்து நடத்திய ஒப்பீட்டில் குர்குமின் வென்றதற்குச் சான்றில்லை என்று எழுதியது. கதிரின் பக்கவிளைவைத் தடுக்கவாவது உதவுமா என்று அமெரிக்காவின் ரோசெஸ்டரில் மார்பகப் புற்றுடைய 30 பேரிடம் பார்த்தபோது தோலெரிவு குறைந்தது. 686 பேரிடம் பார்த்தபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை.

கட்டியைக் கதிருக்கு இணங்கவைப்பதும் நலமான திசுவைக் கதிரிலிருந்து காப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்பது விளம்பரங்களில் மறைந்துபோகும் செய்தி. கதிர் கொல்வதில் பெரும்பகுதி, செல்லின் நீரிலிருந்து அது பிறப்பிக்கும் ஆவேசமான துகள்களால் நிகழ்வது. அத்துகள்களை அவிக்கும் எந்தப் பொருளும் கட்டியையும் சேர்த்தே காக்கக்கூடும். கனடாவில் தலை, கழுத்துப் புற்றுடைய 540 பேரிடம் வைட்டமின் இ, பீட்டா கரோட்டின் கொடுத்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், கதிரின் கடும் பக்கவிளைவுகள் குறைந்தன. நோய் அதே இடத்தில் திரும்புவதும் மிகுதியாகத் தென்பட்டது. கதிர்ச்சிகிச்சை பெறுவோர் வீட்டில் சேர்த்துக்கொள்ளும் சூரணம், சாறு, மாத்திரை எதுவாயினும் அதைச் சிகிச்சை தரும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டுவது இதனால்தான்.

மூலனூரில் ஒற்றி ஒற்றிப் பிடிக்கவைத்த விதையிலிருந்து வரும் கொல்கிசின் இன்றும் கீல்வாத மாத்திரையாக விற்கிறது. 2023 சூன் முதல் அமெரிக்காவில் இதய நோயாளிகளுக்கு 0.5 மில்லிகிராம் மாத்திரையாகவும் அது ஒப்புதல் பெற்றிருக்கிறது. கதிர் பாய்ச்சும் முன் அதைக் கொடுக்கும் வழக்கம் மருத்துவ நடைமுறையில் இல்லை.